பார்மகாலஜில தடுமாறுற நர்சிங் பிள்ளைங்களுக்கு: மருந்து படிக்க எந்த வழி எடுபடும்

நர்சிங் டிப்ளமா ரெண்டாவது செமஸ்டர்ல பார்மகாலஜி பேப்பர்ல நான் ஃபெயில். ரீசிட், அதாவது மறுதேர்வு, எழுதித்தான் பாஸ் பண்ணேன், நடுவுல கெடச்ச ஆறு வாரத்துல எத்தனை வழில படிச்சு பாத்தேன்னு நெனச்சா இப்பவும் வயித்த கலக்குது. இப்ப தேர்ட் இயர், வீடு மலேசியாவுல பட்டர்வர்த்ல, போஸ்டிங், அதான் ஆஸ்பத்திரி வார்டு பயிற்சி, எதிர்ல பினாங்கு தீவு பக்கம், அதனால வாரத்துல அஞ்சு நாள் ஃபெர்ரிதான். ஜூனியர் பிள்ளைங்க வந்து, அக்கா மருந்து பேரு மண்டையில நிக்கவே மாட்டேங்குது, புக்கு வாங்கவா, ஆப் போடவா, யூடியூப் பாக்கவா, குரூப் சேர்ந்து படிக்கவான்னு கேக்கறாங்க. ஒவ்வொருத்தர்கிட்டயும் பாதி பாதியா சொல்லிகிட்டு இருக்கேன், இங்க முழுசா எழுதிடறேன்.

எந்த வழி நல்லதுன்னு சொல்றதுக்கு முன்னாடி எதை வச்சு அளக்கறோம்னு சொல்லணும். எனக்கு அது புரிஞ்சது ஒரு மெடிக்கல் வார்டுலதான், மொத போஸ்டிங், காலைல எட்டு மணி டிரக் ரவுண்ட், அதாவது பெட் பெட்டா போய் மருந்து குடுக்கற நேரம், மருந்து ட்ராலிய தள்ளிகிட்டு ஒரு சீனியர் ஸ்டாஃப் நர்ஸ் பின்னாடி போறேன். ஒரு வயசான அங்கிளோட சார்ட்டுல டிகாக்சின். இது என்ன மருந்தும்மான்னு கேட்டாங்க, ஹார்ட் மருந்து சிஸ்டர்னு டக்குனு சொன்னேன், சந்தோஷமாவும் இருந்துச்சு. சரி, குடுக்கறதுக்கு முன்னாடி என்ன பாப்பேன்னாங்க. அதுக்கு எங்கிட்ட ஒன்னுமே இல்ல. அவங்க திட்டல, கழுத்துல இருந்த ஸ்டெதஸ்கோப்ப கழட்டி என் கையில குடுத்து அந்த அங்கிளோட நெஞ்சுல வச்சு ஒரு முழு நிமிஷம் எண்ண சொன்னாங்க. அரை நிமிஷம் எண்ணி ரெண்டால பெருக்கறது இல்ல, முழு நிமிஷம். 52 வந்துச்சு. அவங்க திரும்ப ஒரு தடவை தானே எண்ணி பாத்துட்டு மாத்திரைய குடுக்காம நிறுத்தி வச்சுட்டு டாக்டருக்கு போன் பண்ணாங்க. டிகாக்சின் இதயத்துடிப்ப மெதுவாக்கும், பெரியவங்களுக்கு 60க்கு கீழ இருந்தா நிறுத்தி வச்சுட்டு டாக்டர்கிட்ட சொல்லணும், உடம்புல பொட்டாசியம் கொறைஞ்சிருந்தா இந்த மருந்தோட நஞ்சு சீக்கிரம் ஏறும், குமட்டல், கண்ணுக்கு எல்லாம் மஞ்சளா தெரியறது இதெல்லாம் வந்தா உஷாராகணும். இத்தனையும் அந்த ஒரு நிமிஷத்துல உள்ள போனது இன்னும் வெளிய வரல.

அதனால நான் எந்த வழியையும் ஒரே ஒரு கேள்விய வச்சுத்தான் அளக்கறேன். குடுக்கறதுக்கு முன்னாடி என்ன பாக்கணும், குடுத்த பிறகு எதை கவனிக்கணும், இதை அந்த வழி உனக்கு கத்து குடுக்குதா இல்லையா. பேரு மட்டும் தெரிஞ்சா எம்சிக்யூல, அதான் சரியான விடைய தேர்ந்தெடுக்கற கேள்வில, ஒரு மார்க் வரும், ட்ராலி முன்னாடி நிக்கும்போது அது பத்தாது.

மொதல்ல எல்லாரும் எடுக்கறது டிரக் ஹேண்ட்புக், ஏ-ல ஆரம்பிச்சு படிக்கறது. நானும் ஆறு வாரத்துல ரெண்டு வாரத்த இதுலதான் விட்டேன். எழுத்து வரிசைல என்ன வருதுன்னு பாருங்க, அமிகாசின், அமியோடரோன், அமிட்ரிப்டிலின், அம்லோடிபின், அமாக்சிசிலின். மொதல்ல ஆன்டிபயாட்டிக், அடுத்தது இதயத்துடிப்பு சீர்கெட்டா குடுக்கறது, அடுத்தது மன அழுத்தத்துக்கு, அதுக்கு அடுத்தது ரெத்த கொதிப்புக்கு, திரும்ப ஆன்டிபயாட்டிக். ஒன்னுக்கொன்னு ஒட்டு உறவே இல்ல, பேரு மட்டும் ஒரே மாதிரி, குழம்பறதுக்குன்னே அடுக்கி வச்ச மாதிரி இருக்கும். மஞ்சள் ஹைலைட்டர் போட்டு போட்டு பக்கம் ஈரமாகிடும், மறுநாள் காலைல ஒன்னும் ஞாபகம் இருக்காது. ஹேண்ட்புக் தேவையில்லன்னு சொல்லல, அது சரிபார்க்கற பொருள், படிக்கற பொருள் இல்ல. சொல்லப்போனா சரிபார்க்க மிம்ஸ் மலேசியான்னு மருந்து விவரம் சொல்ற கையேடு இருக்கு, நம்ம சுகாதார அமைச்சோட மருந்து பட்டியலும் இருக்கு, நம்ம ஊரு வார்டுல என்ன மருந்து ஓடுதுன்னு அதுல தெரியும், வெளிநாட்டு புக்குல பாதி நம்ம பார்க்காத மருந்து.

திரும்ப திரும்ப வாசிக்கறது ஏன் எடுபடலன்னு எனக்கு பின்னாடிதான் தெரிஞ்சுது. 2006ல ரோடிகர், கார்பிக்கின்னு ரெண்டு பேர் அமெரிக்காவுல மாணவர்கள வச்சு ஒரு சோதனை பண்ணாங்க. கொஞ்ச பேர் ஒரு பாடத்த திரும்ப திரும்ப வாசிச்சாங்க, கொஞ்ச பேர் வாசிச்சுட்டு புக்க மூடி ஞாபகத்துல இருந்து எழுதினாங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சு கேட்டப்ப வாசிச்சவங்கதான் முன்னாடி, ஒரு வாரம் கழிச்சு கேட்டப்ப எழுதினவங்க முன்னாடி. நமக்கு நடக்கறதும் அதேதான், ராத்திரி வாசிச்சு முடிச்சதும் எல்லாம் தெரிஞ்ச மாதிரி இருக்கும், எக்ஸாம் அடுத்த வாரம் இல்லையா.

ரெண்டாவது வழி, வகை வகையா படிக்கறது. என்னை காப்பாத்துனதுல பெரிய பங்கு இதுக்குத்தான். மருந்து பேரோட வால, அதாவது கடைசி எழுத்துங்கள, பாருங்க. ஒலோல்னு முடிஞ்சா, அட்டெனோலோல், பிசோப்ரோலோல், மெட்டோப்ரோலோல், அது பீட்டா பிளாக்கர், இதயத்துடிப்பையும் பிபியையும் கொறைக்கறது, நாடித்துடிப்பும் பிபியும் பாக்காம குடுக்கக்கூடாது, ஆஸ்துமா இருக்கான்னு கேக்கணும். ப்ரில்னு முடிஞ்சா, பெரின்டோப்ரில், எனலாப்ரில், அது ரெத்த கொதிப்பு மருந்து, பிபி பாக்கணும், பொட்டாசியம் ஏறுதான்னு ரிப்போர்ட் பாக்கணும், வறட்டு இருமல் வரும், உதடு நாக்கு முகம் வீங்கினா அப்பவே எமர்ஜென்சி. அந்த இருமல் ஏன் வருதுன்னு புரிஞ்சா மறக்காது: இந்த மருந்து தடுக்கற அதே என்சைம்தான் பிராடிகைனின்னு ஒரு பொருளையும் உடைக்கறது, உடைக்க ஆளில்லாம போனா அது தேங்கும், தொண்டைய உறுத்தும். சார்டான்னு முடியற லோசார்டான், வல்சார்டான்ல அந்த தொல்லை பெரும்பாலும் கெடையாது, அதனாலதான் இருமல் தாங்காதவங்களுக்கு டாக்டர் இதுக்கு மாத்தறாங்க. டிபின், ஸ்டாட்டின், ப்ரசோல், இப்படி ஒரு பத்து வால் தெரிஞ்சா ஒரு மருந்துக்கு படிச்சது நாலு மருந்துக்கு உதவும்.

ஆனா வால மட்டும் நம்பினா ஒரு எடத்துல கவுத்துடும், நான் கவுந்தேன். ஒமெப்ரசோல் வயித்து அமிலத்துக்கு. மெட்ரோனிடசோல் கிருமிக்கு. ஃப்ளுகோனசோல் பூஞ்சைக்கு. கார்பிமசோல் தைராய்டுக்கு. நாலுமே அசோல்னுதான் முடியுது! கார்பிமசோல் எடுக்கறவங்களுக்கு தொண்டை வலி, காய்ச்சல் வந்தா சாதாரண காய்ச்சல்னு விட்டுடக்கூடாது, வெள்ளை அணுக்கள் கொறைஞ்சிருக்கலாம், உடனே ரெத்தம் பாக்கணும். அதை நான் வயித்து மருந்துன்னு எழுதிட்டு வந்தேன். அதனால வால படிக்கும்போது முழு வாலையும் படிங்க, அசோல் இல்ல, ப்ரசோல், நிடசோல், கோனசோல்னு பிரிச்சு படிங்க, ஒத்தையா நிக்கற கார்பிமசோல தனி கார்டுல எழுதுங்க.

பிராண்ட் பேரும் இதே மாதிரிதான். லேசிக்ஸ்னா ஃப்ரூசமைட், நீர் பிரிய குடுக்கறது. லோசெக்னா ஒமெப்ரசோல். சத்தம் போட்டு சொல்லி பாருங்க, அவசரத்துல காதுக்கு ரெண்டும் ஒன்னுதான். இந்த குழப்பத்துனாலயே அமெரிக்காவுல லோசெக்கோட பேர பிரிலோசெக்னு மாத்தினாங்க. டோபமின், டோபுடமின் இன்னொரு ஜோடி. பேருல வித்தியாசப்படற எழுத்த மட்டும் பெரிய எழுத்துல போட்டு லேபிள் ஒட்டறதெல்லாம் இதுக்காகத்தான், வார்டுல மருந்து அலமாரிய தெறந்தா அந்த லேபிள நின்னு பாருங்க.

வீடியோ பத்தி சுருக்கமா சொல்லிடறேன். ஒரு மருந்து எப்படி வேலை செய்யுதுன்னு படம் போட்டு காட்டறதுல வீடியோவ மிஞ்ச முடியாது, அதுக்கு மட்டும் பாருங்க. நெறைய வீடியோ அமெரிக்காக்காரங்களோடது, அங்க பேரே வேற. அவங்க அசிட்டமினோஃபென்னு சொல்றது நம்ம பாரசிட்டமால், ஆல்பியூட்ரால் நம்ம சல்பியூட்டமால், எபிநெஃப்ரின் நம்ம அட்ரினலின், மெபெரிடின் நம்ம பெதிடின். சர்க்கரை அளவும் அப்படித்தான், அவங்க 70னு சொன்னா நம்ம கணக்குல 4 மில்லிமோல் கிட்ட, நம்ம மீட்டர்ல 70னு ஒரு எண்ண எங்கயும் பாக்க மாட்டீங்க. ஏற்கனவே தடுமாறிகிட்டு இருக்கற பிள்ளைக்கு ஒரு மருந்துக்கு மூணு பேருன்னா தாங்காது. ஏஐகிட்ட கேக்கற பிள்ளைங்களும் இருக்காங்க, புரியாத ஒரு விஷயத்த லேசா விளக்க சொல்லலாம், டோஸ் மட்டும் அதுகிட்ட கேட்டு எழுதிக்காதீங்க, அதுக்கு மிம்ஸ்.

அடுத்தது கார்டு. இங்கதான் ஆப்பா பேப்பரான்னு பெரிய சண்டையே நடக்குது. ஆங்கின்னு ஒரு ஆப், நீங்க எந்த கார்டுல தப்பு பண்றீங்களோ அதை சீக்கிரம் திரும்ப காட்டும், தெரிஞ்சத தள்ளி தள்ளி காட்டும், ஆண்ட்ராய்டுலயும் கம்ப்யூட்டர்லயும் இலவசம், ஐபோன்ல காசு. அதோட பலம் நீண்ட காலத்துக்கு, செமஸ்டர் மொத வாரத்துலயே ஆரம்பிச்சு தெனம் பத்து நிமிஷம் விடாம பண்றவங்களுக்கு அதை விட நல்லது வேற இல்ல. ஆனா நைட் போஸ்டிங் வந்து நாலு நாள் தெறக்கலன்னா இருநூறு கார்டு குவிஞ்சு நிக்கும், அதை பாத்ததும் நெஞ்சு அடைச்சு மூடி வச்சுடுவோம், என் பேட்ச்ல நெறைய பேரு அங்கதான் விட்டாங்க. இன்னொன்னு, வேற யாரோ செஞ்ச ரெடிமேட் கார்ட எறக்கி படிக்கறது, அதுல திரும்ப அந்த அமெரிக்க பேரு பிரச்சனைதான், போக கார்டு எழுதும்போதே பாதி படிச்சு முடிச்சுடுவோம், அந்த பாதிய யாருக்கோ குடுத்துட்ட மாதிரி ஆகிடும்.

நான் பண்ணது மணிலா கார்டு, அதான் தடிமனான அட்டை, நாலா வெட்டி, மூணு பிஸ்கட் டின். 1970கள்ல செபாஸ்டியன் லைட்னர்னு ஒருத்தர் பெட்டி பெட்டியா மாத்தி வச்சு படிக்கற முறைய சொல்லியிருக்காரு, அதேதான். மொத டின் தெனமும், ரெண்டாவது மூணு நாளைக்கு ஒரு தடவை, மூணாவது வாரத்துக்கு ஒரு தடவை, சரியா சொன்னா அடுத்த டின்னுக்கு போகும், தப்பா சொன்னா எந்த டின்ல இருந்தாலும் மொத டின்னுக்கு வந்துடும். கார்டுல முன்னாடி மருந்து பேரு மட்டும். பின்னாடி நாலே வரி: எதுக்கு, குடுக்கறதுக்கு முன்னாடி என்ன பாக்கணும், பிறகு எதை கவனிக்கணும், எது வந்தா நிறுத்தி டாக்டர கூப்பிடணும். அஞ்சாவது வரி எழுத ஆசை வரும், எழுதாதீங்க. ஃபெர்ரில ஏறி உக்காந்தா அக்கரை போறதுக்குள்ள இருபது கார்டு பாத்துடலாம், வெயில்ல போன் ஸ்கிரீன் தெரியாது, கார்டு தெரியும். ஒரு தடவை காத்துல ரெண்டு கார்டு கடலுக்குள்ள போயிடுச்சு, அதுல ஒன்னு ரெத்தம் உறையாம இருக்க குடுக்கற வார்ஃபரின், திரும்ப உக்காந்து எழுதினேன், ஐஎன்ஆர்னு ரெத்தம் உறையற நேரத்த காட்டற டெஸ்ட் பாக்கணும், ரெத்தக்கசிவு கவனிக்கணும், அதை முறிக்கற மருந்து விட்டமின் கே, இன்னைக்கும் தூக்கத்துல கேட்டா சொல்லுவேன்.

குரூப் ஸ்டடி, மாமாக் சாப்பாட்டுக் கடைல ஆறு பேர் உக்காந்தா தே தாரேக், அதான் ஆத்தின டீ, குடிச்சு முடிக்கறதுதான் நடக்கும், படிப்பு நடக்காது. ரெண்டு பேர்னா நடக்கும். கெடாவுல இருந்து வந்த ஒரு மலாய் தோழி எனக்கு வாய்ச்சா, அவ கேப்பா நான் சொல்லுவேன், நான் கேப்பேன் அவ சொல்லுவா, பதில பாக்காம சொல்லணும், அவ்வளவுதான் விதி.

இப்ப நான் ரொம்ப நம்பற வழிக்கு வரேன், ஒவ்வொரு மருந்தையும் ஒரு மனுஷனோட சேர்த்து படிக்கறது. வார்டுல டிரக் ரவுண்ட் நடக்கும்போது ஒரு ஷிஃப்டுக்கு ஒரே ஒரு பேஷண்ட எடுத்துக்கோங்க, அவரோட சார்ட்டுல இருக்கற எல்லா மருந்தையும், ஏன் இது இவருக்குன்னு அன்னைக்கு வீட்டுக்கு வந்து எழுதுங்க, பேரு, பெட் நம்பர் எதையும் நோட்டுல எழுதக்கூடாது. சாப்பாட்டுக்கு முன்னாடி போடற ஆக்ட்ராபிட் இன்சுலின் அப்படித்தான் புரிஞ்சுது, சாப்பாட்டு தட்டு வந்துடுச்சா, அவரு சாப்பிடற நெலமைல இருக்காரான்னு பாத்துட்டுத்தான் ஊசி, ஊசி போட்டு தட்டு வரலன்னா வேர்த்து கை நடுங்கி சர்க்கரை எறங்கிடும். புக்குல இது அரை வரி. இந்த வழிக்கு ஒரு குறை இருக்கு, வார்டுல எது வருதோ அதைத்தான் படிப்பீங்க, எலும்பு சிகிச்சை பாக்கற ஆர்த்தோ போஸ்டிங்ல மூணு வாரம் இருந்தா வலி மருந்தும், ரெத்தம் கட்டாம இருக்க போடற கிளெக்சேன் ஊசியும் தெரியும், தைராய்டு மருந்த கண்ணால பாத்திருக்க மாட்டீங்க. சில வார்டுல ஸ்டூடண்ட நின்னு கேக்க விடறதுக்கே நேரம் இருக்காது, அதுவும் உண்மை.

வார்டு கெடைக்கலன்னா வீடு இருக்கு. எங்கம்மாவுக்கு இனிப்பு நீரும், அதான் சர்க்கரை நோயும், ரெத்த கொதிப்பும் ரொம்ப வருஷமா. ரீசிட்டுக்கு நாலு வாரம் இருக்கறப்ப ஒரு ஞாயித்துக்கிழமை கவர்மெண்ட் கிளினிக் குடுத்த பிளாஸ்டிக் பைய மேசைல கொட்டினேன். மெட்ஃபார்மின், அம்லோடிபின் 10 மில்லிகிராம், பெரின்டோப்ரில், சிம்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராம். ஒவ்வொரு பாக்கெட்டு மேலயும் மலாய்ல லேபிள், செலெபாஸ் மாக்கான், சாப்பிட்ட பிறகுன்னு ஒன்னு, செபெலும் மாக்கான், சாப்பாட்டுக்கு முன்னாடின்னு ஒன்னு, மாலாம், ராத்திரின்னு ஒன்னு. அம்மா எப்படிம்மா சாப்பிடறேன்னு கேட்டேன். எல்லாத்தையும் காலைல பசியாறிட்டு ஒரே வாயில போட்டுக்குவேன், அப்பதான் மறக்காதுன்னாங்க.

அந்த ஒரு மேசைல நாலு பாடம் இருந்துச்சு. மெட்ஃபார்மின் சாப்பிட்ட பிறகு, வெறும் வயித்துல போட்டா குமட்டும், வயிறு போகும், கிட்னி ரிப்போர்ட் பாக்கணும். பெரின்டோப்ரில் காலைல சாப்பாட்டுக்கு முன்னாடி, சாப்பாட்டோட போனா உடம்புல அது வேலை செய்யற வடிவத்துக்கு மாறறது கொறையும். சிம்வாஸ்டாட்டின் ராத்திரி, ஈரல் கொலஸ்ட்ரால் செய்யறது ராத்திரிலதான் அதிகம், இந்த மருந்து உடம்புல ரொம்ப நேரம் தங்காது, தசை வலி வந்தா சொல்லணும், அம்லோடிபின் கூட இருந்தா 20க்கு மேல ஏத்தறது இல்ல. அம்லோடிபின்ல கால் வீங்கும். அதை படிச்சுட்டு கீழ குனிஞ்சு பாத்தேன், அம்மாவோட கணுக்கால்ல சாக்ஸ் போட்ட தடம் கெடங்கு மாதிரி இருக்கு, விரலால அமுத்தினா குழி அப்படியே நிக்குது. பிறைங்கற ஊர்ல ஒரு ஃபாக்டரி கேன்டீன்ல நின்னுகிட்டே வேலை, அதனாலதான் வீங்குதுன்னு ரெண்டு வருஷமா நாங்க நெனச்சுகிட்டு இருந்தோம். நானா எதையும் நிறுத்த சொல்லல, அது நம்ம வேலையும் இல்ல, அடுத்த அப்பாய்ண்ட்மெண்ட்ல கால காட்டி கேளும்மான்னு ஒரு துண்டு சீட்டுல எழுதி குடுத்தேன். டாக்டர் இதயம், கிட்னி எல்லாம் பாத்துட்டு அம்லோடிபின் டோஸ கொறைச்சாங்க, வீக்கம் எறங்குச்சு.

இதுல இன்னொன்னும் கெடச்சுது. நான் தமிழ்ப்பள்ளில படிச்சு வந்தவ, இங்கிலீஷ் புக்குல ஒரு வரி புரிய மூணு தடவை படிக்கணும். அம்மாவுக்கு தமிழ்ல சொல்லி புரிய வைக்கும்போதுதான் எனக்கே எது புரியலன்னு தெரிஞ்சுது. ரெத்தக் குழாய் சுவத்துல இருக்கற தசைய தளர்த்துதும்மா, அதனால பிரஷர் எறங்குது, ஆனா தண்ணி கசிஞ்சு கீழ கால்ல எறங்குது, இப்படி வாய்விட்டு சொல்ல முடிஞ்சா புரிஞ்சுடுச்சு, நடுவுல திக்கி நின்னா புரியல. எக்ஸாம்ல இங்கிலீஷ்லதான் எழுதணும், அதனால கார்டு இங்கிலீஷ்ல, விளக்கம் தமிழ்ல, நான் அப்படித்தான் வச்சுகிட்டேன். பாட்டி, மாமா, பக்கத்து வீட்டு ஆன்ட்டி, கேட்டா சந்தோஷமா பைய குடுப்பாங்க.

அப்ப எதை எடுக்கறது? ஒரு முழு செமஸ்டர் கையில இருந்தா வகை வகையா படிச்சு, நீங்களே எழுதின கார்ட ஆங்கி ஆப்புல போட்டு, வாரத்துக்கு ரெண்டு பேஷண்ட். ஆறு வாரம் இருந்தா ஆங்கி வேணாம், பேப்பர் கார்டு, பத்து வகை, வகைக்கு நாலு மருந்து, ஒரு நாளைக்கு ரெண்டு புது மருந்துக்கு மேல சேர்க்காதீங்க, நாப்பது மருந்து நல்லா தெரிஞ்ச பிள்ளை நானூறு மருந்த மேலோட்டமா வாசிச்ச பிள்ளைய விட வார்டுலயும் தைரியமா நிப்பா, பேப்பர்லயும் எழுதுவா. ஹேண்ட்புக் எப்பவும் பக்கத்துல, தெறக்கறது சந்தேகம் வந்தா மட்டும்.

பத்து நாள்தான் இருக்குன்னு வந்து நிக்கற பிள்ளைங்களுக்கு வேற பதில். புது வழி எதையும் ஆரம்பிக்காதீங்க, பத்து வகைக்கும் ஒரு வகைக்கு ஒரு கார்டு, அதோட கூட ஆபத்தான மருந்துங்களுக்கு தனியா நாலு கார்டு: இன்சுலின், ஹெப்பரின், மார்ஃபின், பொட்டாசியம் குளோரைடு. ஹெப்பரின முறிக்கற மருந்து புரோட்டமின், மார்ஃபினுக்கு நலாக்சோன், மார்ஃபின் குடுக்கறதுக்கு முன்னாடி மூச்சு எண்ணணும். பொட்டாசியம் குளோரைடு கார்டுல மட்டும் சிவப்பு பேனால எழுதுங்க, நீர்க்காம நேரா வெயின்ல புஷ் பண்ணவே கூடாது, இதயம் நின்னுடும். அந்த நாலு கார்ட இன்னைக்கு ராத்திரியே எழுதிடுங்க.